டிவியில விட்ட கட்டம்

அந்த நாற்காலியில உக்காராதீக ஆச்சி, அதுக்கு ஒரு காலு நொண்டி. இங்குட்டு வாங்க, ஜன்னலோரம். சடங்கைத் தை மாசம் வச்சுக்குவோம்னு நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு. விழாம என்ன, அடுப்படிக்கும் இதுக்கும் நடுவுல ஒரு செவுருதானே. காப்பியக் குடிங்க மொதல்ல. தையா ஆவணியான்னு சண்டை போட நேரம் இருக்கு.

எனக்கா? நான் அப்பவே குடிச்சுட்டேன். இல்ல, பொய் சொல்வானேன், இப்பல்லாம் காப்பி எனக்குச் சேர்றதில்ல. வயிறு கடுக்குது. நீங்க குடிங்க, ஆறிரும்.

என் மகன் பெத்தாச்சியக் கூப்பிட்டாலும் இப்ப வரமாட்டான். பின்கட்டுக்கு அங்குட்டு ஒரு சந்து, அதைத் தாண்டுனா ஆரிபா வீடு, அங்கதான் இருக்கான். அவ வீட்டுக்காரரு சவுதியில இருந்து கொண்டாந்த கலர் டிவி. ஞாயித்துக்கெழம காலையில உப்புமலைக் கோட்டை ஓடுதுல்ல, தெருப் பிள்ளைகள்ல பாதி அங்கதான். உங்களைக் கும்பிட்டுட்டுத்தான் போகணும்னு சொல்லி வச்சிருந்தேன். கும்பிட்டான்ல? கும்பிட்ட கை கீழ வர்றதுக்குள்ள ஓடிட்டான், அது வேற விஷயம்.

நீங்க அதைப் பாக்குறதில்லையா? உங்க காரைக்குடி வீட்டுல டிவி இருக்குன்னாகளே. செய்தி மட்டுமா. அது சரி, உங்க வீட்டுக்கார அண்ணன் முகத்தைப் பாத்தாலே செய்தி பாக்குறவுகன்னு தெரியுது. இனிமே பழகிக்கணும் ஆச்சி. உங்களுக்குப் பிள்ளையா வரப்போறவன் ஞாயித்துக்கெழம காலையில எதுக்கும் அசைய மாட்டான். கூரை இடிஞ்சு விழுந்தாலும் விளம்பரம் வர்றப்பத்தான் திரும்பிப் பாப்பான்.

ம்? சொல்லுங்க, தயங்காமக் கேளுங்க.

அதானே. ஒத்தப் பிள்ளைய எப்படி மனசு வந்து குடுக்குறேன்னுதானே கேக்குறீக. நீங்க கேக்காம இருந்தாத்தான் எனக்குப் பயம் வந்திருக்கும். இந்த ஊர்ல கேக்காத ஆள் இல்ல. எங்க பங்காளி வீட்டுப் பெரியவுக தடியை ஊனிக்கிட்டு இங்கயே வந்துட்டாக. ரெண்டு மூணு இருந்தா ஒண்ணை அடுத்த வீட்டுக்குப் பிள்ளை விடலாம், ஒத்தைய விடுற வழக்கம் நம்மகிட்ட இல்ல தேனம்மை, நாளைக்கு உனக்குக் கொள்ளி வைக்க யாரு இருக்கான்னு கேட்டாக. நானும் தலைய ஆட்டிக்கிட்டே இருந்தேன். பிள்ளைய வித்துட்டாள்னு பேசுறவுகளும் இருக்காக. பேசட்டும். உங்ககிட்ட ஒரு முழத் துணி கேட்டிருப்பேனா நானு.

சொல்றேன் ஆச்சி, சொல்லாம விடமாட்டேன். ஆனா அந்தக் கதையைச் சொன்னாத்தான் இது விளங்கும். வளத்த மாட்டேன். அதுக்குள்ளதான் இருக்கு.

அது மொதல்ல புத்தகம், டிவி அப்புறம் வந்துச்சு. தலகாணி தலகாணியா ஏழு பாகம் வந்தாச்சு. எட்டாவதுதான் கடைசியாம், தையில அச்சாகி வருதாம். கிளை நூலகத்துல ஞானசேகர் சார் சொன்னாரு, வந்ததும் மொத ஆளா உனக்குத்தாம்மான்னு. சரி சார்னு சிரிச்சுக்கிட்டேன்.

நான் எட்டாப்போட நிப்பாட்டுனவ. எங்க வீட்டுக்காரரு இருந்தப்ப அவுக செய்தித்தாளைக்கூட நான் மடிச்சுத்தான் வச்சிருக்கேன், விரிச்சுப் பாத்ததில்ல. அவுக போனப்புறம் பய பேச்சை விட்டுட்டான். ஊமையாகல. பேசுறதை விட்டுட்டான். பள்ளிக்கூடம் போவான், வருவான், சோறு போட்டாத் திம்பான், கேட்டதுக்குத் தலைய ஆட்டுவான். மந்திரிச்சும் பாத்தாச்சு. டீச்சருதான், எதாச்சும் வாசிச்சுக் காட்டிக்கிட்டே இருங்க, தானா வாயத் தொறப்பான்னு சொன்னாக. நேரா நூலகத்துக்குப் போயி, சார், சாமி கதை வேண்டாம், அழுவாச்சிக் கதை வேண்டாம், பெருசா இருக்கணும், சட்டுன்னு தீந்துறக் கூடாதுன்னேன். அரிசி கேக்குற மாதிரி கேக்குறியேம்மான்னு சொல்லிட்டு, ரெண்டு கையாலயும் தூக்கிட்டு வந்து வச்சாரு.

உப்பாலயே ஆன மலை ஆச்சி. அது உச்சியில கோட்டை. ஒரு ராஜா, ஒரு ராணி, அவுகளுக்கு வேழன்னு ஒரு பய. நம்ம பெத்தாச்சி வயசுதான் இருக்கும். மலைக்கு அடியில ஒரு பூதம் கெடக்கு. அது மூச்சு விட்டா உப்புக் கரைஞ்சு கோட்டை ஒரு அடி கீழ எறங்கிரும். அங்க உள்ளவுக குதிரையில போறதில்ல, ஆளி மேல ஏறிப் பறக்குறாக. நீங்க உள்ள வர்றப்ப முகப்புல மரத்தூணு பாத்தீகள்ல, சிங்க முகமும் தும்பிக்கையுமா செதுக்கியிருக்குமே, அதேதான். நான் பாட்டுக்கு வாசிச்சுட்டே இருக்கேன். ஆளின்னு வந்துச்சு. நம்ம தூணுல இருக்கேன்னான். எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் வாயில இருந்து விழுந்த மொத வார்த்தை. அடுப்புல பால் பொங்கி ஊத்துது, நான் எந்திரிக்கவே இல்ல. ஆமாடா, இருக்கே, அதுக்கு என்ன பேர் வைப்போம்னு கேட்டுக்கிட்டு உக்காந்துருந்தேன்.

அப்புறம்தான் டிவியில போட ஆரம்பிச்சாக. எங்களுக்கு வேலை ரெண்டு மடங்காப் போச்சு. வாரம் பூராவும் சாயங்காலம் புத்தகம். ஞாயித்துக்கெழம டிவி. அது முடிஞ்சதும் ஓடியாந்து, புத்தகத்துல இருந்ததுல எதை எதை விட்டாக, எதை மாத்துனாகன்னு ஒப்பிப்பான். நானும் கூடப் போய்ப் பாத்திருப்பேன், இருந்தாலும் பாக்காதவ மாதிரி கேக்கணும். இன்னைக்கு எதை விட்டாகன்னு நான் கேக்கலன்னா அவனுக்குச் சோறு எறங்காது. இதை ஞாபகம் வச்சுக்கங்க ஆச்சி, நெசமாத்தான் சொல்றேன். பாயசமெல்லாம் வேண்டாம், இதைக் கேட்டாப் போதும்.

விடாம என்ன பண்ணுவாக? அம்புட்டுப் புத்தகத்தை அரை மணி அரை மணியா அடைக்கணும்ல. அந்த ஆளி இருக்கே, அட்டையில செஞ்சது. றெக்கை அடிக்கிறப்பக் கயிறு தெரியும். புத்தகத்துல ராணி உப்பு அள்ளி அள்ளிக் கையெல்லாம் வெடிச்சுக் கெடப்பா. டிவியில கழுத்து நெறைய நகை, சண்டைக்கு நடுவுலயும் மடிப்புக் கலையாத பட்டு. இவ ராணி இல்ல ஆத்தா, கல்யாணத்துக்கு வந்தவன்னான் பய. ஆரிபா சிரிச்ச சிரிப்புல டிவி மேல இருந்த பொம்மை கீழ விழுந்துருச்சு.

இருங்க, நான் செத்த இந்தச் செவுத்துல சாஞ்சுக்கறேன். ஒண்ணுமில்ல. மெலிஞ்சுட்டேனா? எல்லாரும் அதைத்தான் சொல்றாக. இம்புட்டுப் பெரிய வீடு, பங்காளிக எல்லாம் பூட்டிட்டு மெட்ராஸுக்குப் போயிட்டாக, எங்க பங்கு இந்த ரெண்டு அறைதான், கூட்டுறதுக்கு மட்டும் முழு வீடும் என் தலையில. மெலியாம என்ன செய்யும்.

எங்க விட்டேன். அஞ்சாம் பாகம். அதுலதான் உங்க விஷயம் வருது.

ராஜா இல்ல. பூதம் முழிச்சுருச்சு. கோட்டை நிக்காதுன்னு ராணிக்குத் தெரிஞ்சு போச்சு. கடல்கோட்டையில ஒரு ராணி, பிள்ளை இல்லாதவ. அவகிட்ட மகனைக் கொண்டு போயி, இவனை உன் பிள்ளையா வச்சுக்கன்னு விடுறா. அங்க ஒரு வழக்கம் இருக்கு, புதுசா வர்ற பிள்ளை மறதி ஊத்துத் தண்ணியக் குடிக்கணும். குடிச்சாப் பழசெல்லாம் போயிரும். டிவியில இந்த இடத்துல ராணி மண்ணுல விழுந்து பொரண்டு அழுகுறா, பின்னாடி வயலின். புத்தகத்துல அதெல்லாம் இல்ல. விட்டுட்டுத் திரும்பிப் போறா, மறுநாள் உப்பு அள்ளுறா. அம்புட்டுத்தான். எனக்குப் புத்தகத்து ராணியத்தான் பிடிச்சிருக்கு.

அவனுக்குச் சொல்லிட்டேன் ஆச்சி. ஒளிக்கல. வேழனைக் குடுத்த மாதிரி உன்னையும் காரைக்குடிக்குப் பிள்ளை விடப்போறேண்டான்னு சொன்னேன். தூணுகிட்டப் போயி ஆளியோட தும்பிக்கையத் தடவிப் பாத்தான். அப்புறம் வந்து கேக்குறான், சடங்குல மஞ்சத்தண்ணி குடிக்கச் சொல்வாகளாமே, அதுவும் மறதி ஊத்துத் தண்ணியான்னு. இல்லடா, வெறும் மஞ்சத்தூளுடா, நம்ம அடுப்படியில இருக்குறதுதாண்டான்னேன். டப்பாவத் தொறந்து மோந்து பாத்தான். அப்படியும் நம்பல. நான் கொஞ்சமாக் குடிச்சுக்கறேன் ஆத்தா, மிச்சத்தைத் துப்பிர்றேன்னான்.

நீங்க ஏன் ஆச்சி கண் கலங்குறீக. துப்ப விடமாட்டேன், பயப்படாதீக. முழுசாக் குடிக்கணும்னு சொல்லி வச்சிருக்கேன். இப்பவே என்னைய அயித்தைன்னு கூப்பிடப் பழக்குறேன். காலையில அயித்தைம்பான், பசி எடுத்தா ஆத்தாம்பான். வந்துரும் பைய. உங்களை ஆத்தான்னு கூப்பிட ஒரு மாசம் ஆகும், அவசரப்படுத்தாதீக.

தை வரைக்கும் இருந்தா அதுக்குள்ள பழகிருவானேங்கறீகளா. பாத்தீகளா, சுத்திச் சுத்தி அங்கயே வந்துட்டீக.

நான் நாலாம் பாகத்தைச் சொல்லாமத் தாண்டிட்டேன். கவனிச்சீகளா? ராஜா இல்லன்னு மட்டும் சொன்னேன். வேணும்னுதான் தாண்டுனேன்.

எங்க அவுக, பயலோட அப்பச்சி, சிங்கம்புணரியில ஒரு கடையில கணக்குப் பாத்தாக. காலையில நல்லாத்தான் போனாக. நெஞ்சைப் பிடிக்குதுன்னு கடையிலயே உக்காந்தவுக, வேன்ல படுத்துத்தான் வந்தாக. ஆம்பளைப் பிள்ளைன்னு இவன் ஒருத்தன்தானே. ஆறு வயசு. தலைய மழிச்சு, ஈரத்துண்டைக் கட்டி, கொள்ளிச்சட்டியக் கையில குடுத்து முன்னால நடக்க விட்டாக. சட்டி கனம், பய நெஞ்சோட அணைச்சுக்கிட்டுப் போறான், பொகை முகத்துல அடிக்குது. வாசல் வரைக்கும்தான் நான் பாத்தேன். நாம பொம்பளைக அதுக்கு மேல போறதில்லையே. அங்குட்டு என்ன நடக்கும்னு நமக்கு யாரு சொல்லியிருக்கா. ஆம்பளைக வந்து குளிச்சுட்டுச் சாப்பிட உக்காந்துர்றாக.

நாலாம் பாகத்துல ராஜா செத்துப் போறாரு. பக்கத்தைத் திருப்புனப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுச்சு, அடுத்து அதுதான்னு. மூடப் போனேன். பய கையக் குறுக்க வச்சுட்டான். வாசி ஆத்தான்னான். வாசிச்சேன். நல்லா எழுதியிருப்பாக, சந்தனக்கட்டை, சங்கு, ஆளியெல்லாம் முட்டி போட்டு நிக்குது. வேழன் பந்தத்தைப் பிடிச்சுக்கிட்டு அப்பா முகத்தைக் கடைசியா ஒரு தடவை பாத்துட்டுத் தீ வைக்கிறான்.

இது தப்பு ஆத்தான்னான்.

எதுடான்னேன். முகத்தைப் பாத்து வைக்க விடமாட்டாக, திரும்பி நிக்கச் சொல்லி, கையப் பின்னாடி கொண்டு போயித்தான் வைக்கச் சொல்வாக. வச்சுட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிரணும்பாக. அப்பச்சி கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு ஆத்தா, நான் திரும்பிப் பாத்துட்டேன். அப்படின்னான்.

என்ன பாத்தான்னு இன்னைக்கு வரைக்கும் சொல்லல. நானும் கேக்கல. நீங்களும் கேக்காதீக.

அதான் அவன் அடுப்பு எரியிறப்ப அடுப்படிப் படியில கால் வைக்க மாட்டான். இப்பக்கூடப் பாருங்க, நீங்க வந்ததும் காப்பி போடணும், அவன் ஆரிபா வீட்டுக்குப் போகட்டும்னு இருந்துதான் பத்த வச்சேன். தீவாளிக்கு வெடிச் சத்தமெல்லாம் கேப்பான், மத்தாப்பைக் கையால தொடமாட்டான். பயந்தாங்கொள்ளின்னு கேலி பண்ணுதுக பிள்ளைக. உங்க வீட்டுல கேஸ் அடுப்புதானே? பத்த வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிருங்க, அவன் பாட்டுக்கு வெளிய போயிருவான். விளக்கேத்துறப்பவும்தான்.

சொல்றேன், அதுக்குத்தான் வர்றேன். டிவியில அந்தக் கட்டம் வர வேண்டிய வாரம். காய்ச்சல்னு சொல்லி வீட்டோட வச்சுக்கலாமான்னு பாத்தேன், அவன் கேக்கல. அன்னைக்கு நான் போகல. பாக்கத் தெம்பில்ல. இங்க இதே எடத்துல உக்காந்திருக்கேன். அங்க பிள்ளைக எல்லாம் கை தட்டுதுக. என்னடா, எழவுக்குப் போயிக் கை தட்டுதுகன்னு நெனைக்கிறேன், பய மூச்சு வாங்க ஓடி வர்றான். சிரிக்கிறான் ஆச்சி. பல்லு பூராவும் தெரியுது. ஆத்தா, விட்டுட்டாக, விட்டுட்டாகங்குறான். எதைடான்னேன். தீ வைக்கிறதை. ராஜா ஆளி மேல ஏறி மேகத்துக்குள்ள போயிட்டாரு. வேழன் கீழ நின்னு கையாட்டுனான். அவன் வைக்கவே இல்ல ஆத்தா.

அப்புறம் கேட்டான், அப்படின்னா விடலாமா ஆத்தா?

புத்தகத்துல அச்சடிச்சே இருக்கு. கட்டாயம் நடக்கணும்னு நாம நெனைச்சுக்கிட்டு இருக்கோம். யாரோ ஒரு மனுசன் சின்னப் பிள்ளைக பாக்குமேன்னு யோசிச்சிருக்கான், தூக்கிட்டான். கதை நின்னு போகல. அடுத்த வாரமும் ஓடுது. அப்பத்தான் எனக்கு மனசுல தச்சுச்சு. விடலாம்டா அப்பு, நெனைச்சா விடலாம்னு சொன்னேன்.

ஏன்னா அதுக்கு மொத வாரம்தான் துணி எடுக்கப் போறேன்னு சொல்லிட்டு நானும் ஆரிபாவும் மதுரைக்குப் போயிட்டு வந்தோம். துணி எடுக்கல. வயித்துல கட்டி ஆச்சி. பரவிருச்சு, கத்தி வைக்கிறதுக்கில்லன்னுட்டாக. டாக்டரு நல்ல மனுசன், முகத்தைப் பாத்துப் பேசுனாரு. தை வரைக்கும் வண்டி ஓடாதும்மான்னாரு. என் பிள்ளைக்கு வயசு எட்டு சார், ஒரு தடவை வச்சுட்டான், மறுபடியும் அவன்தான் வைக்கணுமான்னு கேட்டேன். அவருக்கு ஒண்ணும் விளங்கல. ஆரிபாதான் வெளிய போயி அழுதா.

உக்காருங்க ஆச்சி. எந்திரிச்சு என்ன செய்யப் போறீக. உக்காருங்க.

பெரியவுககிட்டப் பேச்சுவாக்குல கேட்டு வச்சுக்கிட்டேன். மஞ்சத்தண்ணி குடிச்சுப் போன பிள்ளை வேற வீட்டுப் பிள்ளை, பெத்தவளுக்குக் கொள்ளி வைக்கிற கடமை அவனுக்குக் கெடையாது, பங்காளியில ஒருத்தர் வைப்பாகன்னாக. அதைச் சொல்லித்தான் என்னையப் பயங்காட்டுனாக, யோசிச்சுக்க தேனம்மை, உனக்கு யாரு வைப்பான்னு. யோசிச்சுத்தான் குடுக்குறேன். எனக்கு யாரு வேணும்னாலும் வைக்கட்டும். அவன் வைக்க வேண்டாம்.

அதுக்குத்தான் ஆவணிங்கறேன். மொத முகூர்த்தம். அண்ணன்கிட்ட நீங்க சொல்லிக்கங்க, ஆனா உங்களோட இருக்கட்டும், ஊருக்குத் தெரிஞ்சா நோயாளி வீட்டுப் பிள்ளைன்னு எதாச்சும் பேசுவாக. சேதி வர்றப்ப நீங்க ரெண்டு பேரும் மட்டும் வாங்க. அவனைக் கூட்டிட்டு வராதீக. ஞாயித்துக்கெழமையா இருந்தா நல்லது, டிவி முன்னாடி உக்கார வச்சுட்டு வந்துறலாம். எட்டாம் பாகம் வந்தா நீங்க வாசிச்சுக் காட்டுங்க. மொதல்ல நீங்க தனியா வாசிச்சுப் பாத்துருங்க. ராணி சாகுற மாதிரி வந்தா அதைத் தாண்டிருங்க. பக்கம் ஏன் தாவுதுன்னு கேப்பான், பொல்லாத பய. நூலகத்துப் புத்தகம்டா, எவனோ கிழிச்சுட்டான்னு சொல்லுங்க.

கேக்குதா? முடியிற பாட்டு. இப்ப சந்துல ஓடி வந்துக்கிட்டு இருப்பான். முந்தானைய எடுத்துக் கண்ணைத் துடைச்சுக்கங்க ஆச்சி, அவன் எல்லாத்தையும் பாப்பான். ஆவணிதானே? தலைய மட்டும் ஆட்டுங்க போதும்.

வாடா அப்பு, மெதுவா, படி தடுக்கப் போகுது. இங்குட்டு வந்து ஆச்சி பக்கத்துல உக்காரு. இன்னைக்கு எதை விட்டாக?